கிரெடிட் கார்டு சைஸ் கம்ப்யூட்டரில் குவேக் ஆடலாமா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பற்றி எழுதும்போது, "பழைய துப்பாக்கி விளையாட்டுகளைக்கூட இதில் ஆன்லைனில் ஆடலாம்" என்று கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது, வெப்பநிலை அளப்பது என்று அதற்கு மேலே உருப்படியாக எழுதியதை ஒருவரும் கேட்கவில்லை. வந்த கேள்விகள் அத்தனையும் அந்த ஒரு வரிக்குத்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

ப்ராஜெக்ட்டுக்கு வாங்கிய ராஸ்பெர்ரி பை 4 ஒரு வருஷமாக அலமாரியில் தூங்குகிறது. அதில் குவேக் 3 என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடலாம் என்றால் ரூம்மேட், "எல்இடி எரிய வைக்கிற போர்டுடா அது" என்று கிண்டல் செய்கிறான். நிஜமாகவே முடியுமா சார்?
– இன்ஜினியரிங் மாணவர், மதுரை

முடியும். ரூம்மேட்டுக்கு ஒரு கதை சொல்லுங்கள். 2011-ல், பை கடைக்கே வராத காலத்தில், அதை உருவாக்கிய கேம்பிரிட்ஜ்காரர்கள் தங்கள் சோதனைப் போர்டின் திறமையைக் காட்ட ஒரு வீடியோ எடுத்தார்கள். அதில் ஓடியதே குவேக் 3-தான். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த முதல் பையில் 700 மெகாஹெர்ட்ஸ் சிப், 256 எம்பி மெமரி, விலை 35 டாலர், அவ்வளவுதான். அப்புறம் 2014 பிப்ரவரியில் பிராட்காம் நிறுவனம் இந்த வகைச் சிப்பின் கிராபிக்ஸ் பகுதிக்கான ஆவணங்களையும் டிரைவரின் மூலநிரலையும் வெளியிட்டபோது, அதை வைத்துப் பையில் குவேக் 3-ஐ ஆடக்கூடிய வேகத்தில் ஓட்டிக் காட்டும் முதல் ஆளுக்கு 10,000 டாலர் என்று ராஸ்பெர்ரி பை அறக்கட்டளை அறிவித்தது. சைமன் ஹால் என்பவர் சில வாரங்களிலேயே அதை முடித்துப் பரிசையும் வாங்கிவிட்டார். ஆக, இந்தப் போர்டுக்கும் இந்த விளையாட்டுக்கும் பழைய உறவு உண்டு.

உங்களிடம் இருப்பது பை 4. 1.5 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர். குவேக் 3 வந்தது 1999 டிசம்பரில், அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காக. தனியாக 3டி கார்டு வாங்கிப் போடாமல் அது ஓடவே ஓடாது என்பதால் அப்போது பலருக்கு எட்டாக்கனி. இன்றைக்குப் பை 4-க்கு அது ஒரு சுமையே இல்லை. 2005 ஆகஸ்டில் அதை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் அதன் மூலநிரலை ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் திறந்துவிட்டது. அதை இன்றுவரை பழுதுபார்த்துப் பராமரித்து வருபவர்களின் வடிவத்துக்கு ஐஓகுவேக்3 என்று பெயர். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் அடித்தளமான டெபியன் லினக்ஸிலேயே அது தயாராக இருக்கிறது, நீங்கள் எதையும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. படம் திக்கினால் திரைத் துல்லியத்தை 1920-க்கு 1080-லிருந்து 1280-க்கு 720-க்கு இறக்குங்கள். இந்த விளையாட்டில் அழகு முக்கியமில்லை. பழம் தின்று கொட்டை போட்டவர்கள் 3டி கார்டு நன்றாக இருக்கும்போதே சுவர்ச் சித்திரங்களை மங்கலாக்கிவிட்டுத்தான் ஆடுவார்கள், எதிரி பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக.

இதெல்லாம் இலவசமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா? எதில் ஆரம்பிப்பது?
– கோவில்பட்டி வாசகர்

பலரும் குழம்புகிற இடம் இது. திறந்துவிட்டது எஞ்சினை, அதாவது விளையாட்டை ஓட்டும் நிரலை மட்டும்தான். மேப் (ஆடுகளம்), ஆள், துப்பாக்கி, சத்தம் எல்லாம் இருக்கும் டேட்டா கோப்பு இன்னும் விற்பனைப் பொருள்தான். கார் எஞ்சின் வரைபடத்தை ஊருக்கே கொடுத்துவிட்டு பாடியை மட்டும் ஷோரூமில் வைத்திருப்பது மாதிரி. ஸ்டீமில் ஒருமுறை வாங்கி, 'பாக் ஜீரோ' முதல் 'பாக் 8' வரையுள்ள கோப்புகளை ஐஓகுவேக்3 கேட்கும் ஃபோல்டரில் போட்டால் போதும். பழைய சிடி பரணில் கிடந்தால் பாக் ஜீரோவை அதிலிருந்தும் எடுக்கலாம், மற்றவை ஐஓகுவேக்3 தளத்தில் கிடைக்கும்.

காசே செலவழிக்க மாட்டேன் என்றால் இரண்டு வழி. ஒன்று ஓபன்அரீனா. அதே எஞ்சின், படமும் சத்தமும் மட்டும் ஆர்வலர்கள் புதிதாகச் செய்தவை. ஒரே கட்டளையில் நிறுவலாம். பெண் பாத்திரங்களின் உடை கொஞ்சம் ஒருமாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று 2003-ல் இலவசமாகவே வெளியான எனிமி டெரிட்டரி. இரண்டாம் உலகப் போர்க் களம், மருத்துவர், பொறியாளர், ஒற்றன் என்று ஆளுக்கொரு வேலை, அணியாகச் சேர்ந்து ஆட வேண்டும். இதை இன்று 'ஈடி லெகஸி' என்ற பெயரில் பராமரிக்கிறார்கள், பை மாதிரி ஏஆர்எம் சிப்புக்கும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் முதல் தேர்வு. குவேக் 3-ல் புதிதாக நுழைபவரை இருபது வருஷமாக அதையே ஆடுகிறவர் பத்து நொடிக்கு ஒருமுறை கொன்றுகொண்டே இருப்பார். எனிமி டெரிட்டரியில் சுடவே தெரியாவிட்டாலும் விழுந்தவனுக்கு ஊசி போட்டு எழுப்பிவிட்டு நல்ல பெயர் வாங்கிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஓபன்அரீனாவும் குவேக் 3-யும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் பேசும் நெட்வொர்க் மொழியின் பதிப்பு எண் வேறு. நீங்கள் இதையும் நண்பர் அதையும் வைத்துக்கொண்டு ஒரே சர்வரில் (ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டரில்) சேர முடியாது. முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், மச்சான் தஞ்சாவூரில். ரெண்டு பேரிடமும் பை 4 இருக்கு. சனிக்கிழமை ராத்திரி சேர்ந்து ஆடினால், நான் சுட்டது அவன் மேல் படவே மாட்டேங்குது. ஆனால் அவன் செத்தால், "லேக் அடிச்சுது"ங்கிறான். யார் சொல்வது உண்மை?
– சிங்கப்பூர் வாசகர்

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இதில் பையின் பங்கு ஒன்றும் இல்லை, லேக் என்கிற தாமதத்துக்கு நடுவில் இருக்கும் கடல்தான் காரணம்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002-ல் போட்ட ஐ2ஐ என்ற கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போக 16 மில்லிசெகண்ட், வர 16. யார் எவ்வளவு காசு செலவழித்தாலும் அந்த வழியில் பிங், அதாவது செய்தி போய்த் திரும்பும் நேரம், 32-க்குக் கீழே வராது. அதற்குமேல் சென்னையிலிருந்து தஞ்சாவூர், இருபக்கமும் ரவுட்டர்கள், வீட்டு வைஃபை. 50, 60-ல் நின்றால் கொடுத்துவைத்தவர்கள். சில சமயம் டேட்டா நேர்வழியை விட்டு ஊரைச் சுற்றி வரும், அப்போது 100-ஐத் தாண்டும்.

இப்போது அந்த 100 மில்லிசெகண்டை விளையாட்டுக்குள் வைத்துப் பாருங்கள். குவேக் 3-ல் ஓடுகிற ஆளின் வேகம் நொடிக்கு 320 அலகு. அவர் உடம்பின் அகலம் 30 அலகு. பத்தில் ஒரு நொடியில் அவர் 32 அலகு நகர்ந்துவிடுகிறார், அதாவது தன் உடம்பின் அகலத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக! உங்கள் திரையில் தெரிவது அவர் கொஞ்சம் முன்னால் நின்ற இடம். நீங்கள் ட்ரிகரை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய்ச் சேரும்போது அவர் முழுசாக விலகியிருப்பார். பழைய குவேக் 3 சர்வர், செய்தி வந்த நிமிஷத்தில் ஆள் எங்கே என்று மட்டும்தான் பார்க்கும். அதனால் ரெயில்கன் என்ற துப்பாக்கியால் நெஞ்சைக் குறிவைத்தால் காற்றைத்தான் சுடுவீர்கள். ஓடுகிற திசையில் ஓர் ஆள் அகலம் தள்ளிச் சுட வேண்டும். கண்ணில் தெரிகிற ஆளை விட்டுவிட்டு வெற்றிடத்தைச் சுடப் பழகுவதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆனது.

ஓபன்அரீனாவில் இதற்கு மருந்து உண்டு. நீங்கள் சுட்ட நேரத்தில் உங்கள் திரையில் ஆள் எங்கே தெரிந்திருப்பார் என்று சர்வர் பின்னால் போய்ப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும். சுடுகிறவருக்கு சந்தோஷம். ஆனால் செத்தவர் அதற்குள் தன் திரையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்தே இருப்பார், "நான் மறைஞ்சுட்டேன், எப்படிடா செத்தேன்?" என்பார். மச்சான் புலம்புவது அதுவாகவும் இருக்கலாம்.

சர்வர் யார் வீட்டில் ஓடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் பையிலேயே ஓடினால் உங்களுக்குப் பிங் பூஜ்யம், சுமை முழுக்க அவர் தலையில். ஒரு சனிக்கிழமை சிங்கப்பூர், அடுத்த சனிக்கிழமை தஞ்சாவூர் என்று மாற்றிக்கொள்ளுங்கள், குடும்பத்துக்கும் நல்லது. அப்புறம் லேகோமீட்டர் என்பதைப் போட்டு வையுங்கள். திரையின் கீழ் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் வரும். அதன் கீழ்ப்பாதியில் பச்சைக் கோடுகள் உயர்ந்தால் பிங் கூடுகிறது, சிவப்புக் கோடு விழுந்தால் பாக்கெட்டே (டேட்டாத் துண்டே) தொலைந்தது. அடுத்த முறை "லேக்" என்றால் வாட்ஸ்அப்பில் அந்தக் கட்டத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பையன் இதை ஆடும்போது டிவியின் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் அடையாளம் வருகிறது. வைரஸா? போர்டு சூடாகவும் இருக்கிறது, பயமாக இருக்கிறது.
– ஒரு அம்மா, நாகர்கோவில்

வைரஸ் இல்லைம்மா, சார்ஜர். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த மின்னல் வரும், கூடவே சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரும்பாலும் தம்பி ஏதோ ஒரு போன் சார்ஜரை மெல்லிசு கேபிளோடு செருகியிருப்பார். நானும் அதைச் செய்தவன்தான். ராக்கெட் வெடிக்கும்போதெல்லாம் படம் விக்கியது, இரண்டு மாதம் இன்டர்நெட்காரர்களைத் திட்டினேன், கால்சென்டரில் ஒரு பெண்ணிடம் சண்டையே போட்டேன், கடைசியில் குற்றவாளி என் மேஜை டிராயரில் இருந்து எடுத்த வயர். பைக்கு என்றே விற்கிற அடாப்டரை வாங்கிக் கொடுங்கள்.

சூடு சகஜம். 80 டிகிரியைத் தொட்டால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருந்தால் மூடியை எடுத்துவிடுங்கள், அல்லது அலுமினியக் கேஸ் ஒன்று. டிவிக்குப் பின்னால் துணி மூடிய இடத்தில் மட்டும் வேண்டாம்.

பிங் நன்றாக இருக்கிறது, ஃபிரேம் நன்றாக இருக்கிறது, மவுஸ் மட்டும் எண்ணெய் தடவினது மாதிரி வழுக்குகிறது. ஏன்?
– ஓசூர் வாசகர்

நல்ல கேள்வி, நிறைய பேர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் பையை மறுபடியும் அலமாரியில் வைக்கிறார்கள். சிப்பின் வேலையைக் குறைக்க, பல பதிப்புகளில் பையின் லினக்ஸ் மவுஸை நொடிக்கு அறுபது சொச்சம் தடவைதான் "எங்கே இருக்கே?" என்று கேட்கும். கேமிங் மவுஸ் 1000 தடவை பதில் சொல்லத் தயாராக இருந்தும் கேட்க ஆளில்லை. பூட் பகுதியில் சிஎம்டிலைன் என்ற டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். அதில் உள்ள ஒரே வரியின் கடைசியில், ஓர் இடைவெளி விட்டு, 'யுஎஸ்பிஹெச்ஐடி புள்ளி மவுஸ்போல் சமம் பூஜ்யம்' என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலும் குறிகளிலும் எண்ணிலும் சேர்த்தடித்துச் சேமியுங்கள். புது வரிக்குப் போய்விடாதீர்கள், பை பூட் ஆகாமல் அழ வைக்கும். மறுபடி ஆன் செய்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். விளையாட்டின் அமைப்பில் விசிங்க்கையும் (படத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி) அணைத்துவிடுங்கள்.

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஓடுமா?
– சேலம், ஈரோடு, திருநெல்வேலி, இன்னும் பதினோரு பேர்

தெரியும், வரும் என்று தெரியும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து அதிலேயே வளர்ந்த தலைமுறை நம்முடையது. ஆனால் நேர்வழியில் ஓடாது. அது இன்டெல், ஏஎம்டி சிப்புக்காகச் செய்தது, பையில் இருப்பது ஏஆர்எம். குவேக்கைப் போல அதன் எஞ்சினை ஜிபிஎல்லில் திறந்துவிடவும் இல்லை, திறந்திருந்தால் ஆர்வலர்கள் எப்போதோ பைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். பாக்ஸ்86 என்ற மொழிபெயர்ப்பான் வழியாக ஓட்டலாம், எக்ஸாஷ்3டி என்று வேறு சிலர் புதிதாக எழுதிய எஞ்சினும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டத் தயாரென்றால் இறங்குங்கள். அன்று சாயங்காலமே ஆட வேண்டுமென்றால் மேலே சொன்ன மூன்றில் ஒன்று.

ஹாஸ்டலில் ஏழு பேர். மூன்று பை, நான்கு பழைய லேப்டாப். வைஃபையில் ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியவில்லை. வெளியிலிருந்து நண்பர்கள் சேரவும் வழி வேண்டும். டூம் ஆடினால் ஒருத்தன் நெட் திக்கினால் எல்லோருக்கும் திக்குகிறதே, அது ஏன்?
– மாணவிகள், திருச்சி

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், சுவாரசியமானது அதுதான். டூம் 1993-ல் வந்த துப்பாக்கி விளையாட்டு. அதில் சர்வர் தீர்ப்பெல்லாம் கிடையாது. நொடியை 35 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எல்லா கம்ப்யூட்டரும் தங்கள் விசை அழுத்தங்களைப் பரிமாறிக்கொள்ளும். எல்லோருடையதும் வந்து சேர்ந்த பிறகுதான் ஆட்டம் அடுத்த துண்டுக்கு நகரும். கும்மி மாதிரி, ஒருத்தி தாளம் விட்டால் வட்டமே நிற்கும். லேன் கேபிளில் இது பிரமாதமாக ஓடும், இன்டர்நெட்டில் திணறும். 1996 ஜூனில் குவேக் வந்தபோது சர்வர் முறை வந்தது. ஆனால் மோடமில் ஆடியவர்கள் ஒரு அடி எடுத்து வைக்கவும் சர்வரின் பதிலுக்குக் காத்திருந்து நொந்துபோனார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே குவேக்கின் நிரலாளர் ஜான் கார்மாக் குவேக்வேர்ல்டு என்று ஒன்றை விட்டார். நீங்கள் விசையை அழுத்தியதும் உங்கள் கம்ப்யூட்டரே "சர்வர் இப்படித்தான் சொல்லும்" என்று ஊகித்து நகர்த்திவிடும், பின்னால் தப்பென்று தெரிந்தால் திருத்திக்கொள்ளும். இன்று போனில் ஆடுகிற துப்பாக்கி விளையாட்டுகள்வரை அந்த உத்திதான் ஓடுகிறது. ஆக, டூமை அறைக்குள் ஆடுங்கள், வெளியூர் ஆட்களோடு குவேக் ஆடுங்கள்.

வைஃபை விஷயம்: ஹாஸ்டல் போன்ற இடங்களில் பாதுகாப்புக்காக ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அதை உடைக்கப் பார்க்காதீர்கள், வார்டனிடம் எனக்கு வேலை இல்லை. எட்டுப் போர்ட் ஸ்விட்ச் ஒன்று, ஏழு லேன் கேபிள், தீர்ந்தது. பை ஜீரோ மாதிரி லேன் போர்ட் இல்லாததை மட்டும் தவிருங்கள். மூன்று பையில் பழசாக இருப்பதை ஆட வைக்காமல் சர்வராக்கிவிடுங்கள், மானிட்டர்கூட வேண்டாம். குவேக் 3 சர்வர் நொடிக்கு 20 தடவை கணக்குப் போட்டால் போதும், படம் வரைகிற வேலையே இல்லை, முதல் தலைமுறைப் பைகூடத் தாங்கும். மற்றவர்கள் விளையாட்டின் கன்சோலை (கட்டளை தட்டும் பெட்டியை) திறந்து கனெக்ட் என்று தட்டி அதன் ஐபி முகவரியைக் கொடுத்தால் உள்ளே வரலாம்.

வெளியிலிருந்து சேர்வது கொஞ்சம் சிக்கல். முன்பெல்லாம் ரவுட்டரில் 27960 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. இப்போது பல இன்டர்நெட் நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன, போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. அதற்கு டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றை எல்லோரும் நிறுவிக்கொண்டால், எந்த ஊரில் இருந்தாலும் ஒரே லேனில் இருப்பதுபோல ஆகிவிடும். பைக்கும் கிடைக்கிறது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். டேட்டா தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். குவேக் 3-ல் வழக்கமான உச்சவரம்பு நொடிக்கு 25,000 பைட், ஒரு மணி நேரம் முழுக்க அதே அளவில் வந்தாலும் 90 எம்பிதான். ஒரு சீரியல் எபிசோடை நல்ல குவாலிட்டியில் பார்த்தால் அதைவிடப் போகும்.

எனக்கு 47 வயது. 2001-ல் குவேக் 3 ஆடியது. இப்போது போனால் பொடியன்கள் சிரிப்பார்களா?
– பெயர் வேண்டாம், புதுச்சேரி

பொடியன்கள் அங்கே இல்லை சார், எல்லோரும் நம் வயசுதான், அதுதான் ஆபத்தே. இடையில் நிறுத்தாமல் ஆடியிருக்கிறார்கள். ஒரு வாரம் பாட்களோடு (கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் எதிரிகளோடு) தனியாக ஆடுங்கள். ஐந்து நிலை இருக்கிறது, கீழ்நிலையின் பெயரே "நான் ஜெயிக்க முடியும்" என்பதுதான், கூச்சப்படாமல் அதில் தொடங்குங்கள். பதினேழாம் மேப் ஞாபகம் இருக்கும், வெட்டவெளியில் மிதக்கிற மேடைகள், குதித்தால் தூக்கி எறிகிற பலகைகள். முதல் நாள் யாரையும் சுட வேண்டாம், கீழே விழாமல் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.